கடலில் கிடந்த காசு, கையில் கிடந்த காசு

1808ஆம் ஆண்டு அச்சடித்த மெட்ராஸ் பத்துக் காசு இன்றைக்கு இரண்டு விதமாகச் சந்தைக்கு வருகிறது. ஒன்று, நேற்றுத்தான் அச்சிலிருந்து விழுந்தது போலச் சிங்கத்தின் பிடரி மயிர்கூடத் தெரியும். இன்னொன்று வழுவழுவென்று தேய்ந்து, ஆண்டு எண்ணின் கடைசி '8' மட்டும் சாய்த்துப் பிடித்தால் மங்கலாகத் தெரியும். இரண்டும் ஒரே ஆலையில் பிறந்தவை, ஒரே எடையில் வெட்டியவை. முதல் காசு கிட்டத்தட்ட 175 ஆண்டுகள் இங்கிலாந்துக் கடலடியில் கிடந்தது. இரண்டாவது காசு அதே காலத்தில் நம்மவர் மடியிலும் சுருக்குப் பையிலும் கிடந்தது. திருப்பூர், அவிநாசி, காங்கேயம் பக்கத்தில் பழைய காசு சேர்ப்பவர்கள் இப்போது இரண்டையும் வாங்குகிறார்கள். விலை அதிகம் போவது பெரும்பாலும் முதல் காசுதான்.

கொங்கு நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது 1799இல், திப்பு சுல்தான் விழுந்த கையோடு. தாராபுரமும் பவானியும் தலைமையிடங்களாக இரண்டு மாவட்டங்களாக இருந்ததை 1804இல் ஒன்றாக்கி, கோயம்புத்தூரைத் தலைநகராக்கினார்கள். ஆட்சி மாறினாலும் சந்தையில் புழங்கிய காசு ஒரே நாளில் மாறிவிடவில்லை. யானை பொறித்த திப்புவின் செம்புக் காசு ஓடிக்கொண்டிருந்தது. குண்டுமணி அளவிலான பொன் பணம் இருந்தது. வராகன் இருந்தது, பல ஊர் ரூபாய்கள் இருந்தன. ஒன்றை இன்னொன்றாக மாற்ற வேண்டுமானால் சராப்பைத் தேடிப் போக வேண்டும். அவர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தன் வட்டத்தை எடுத்துக்கொள்வார். உப்புக்கும் வெற்றிலைக்கும் விளக்கெண்ணெய்க்கும் சில்லறை தேடும் குடியானவன்தான் இதில் நொந்துபோனவன்.

கம்பெனிக் கணக்கில் ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. ஆக வராகனுக்கு 3,360 காசு. ரூபாய்க்கு 12 பணம் என்று வைத்தால் 960 காசு. பத்துக் காசு சேர்ந்தால் ஒரு துட்டு, எட்டுத் துட்டு ஒரு பணம். இந்தக் கணக்கு நடைமுறைக்கு வர நல்ல செம்புக் காசு லட்சக்கணக்கில் வேண்டும். மெட்ராஸ் தங்கசாலையில் ஆள் பலத்தால் சுற்றும் திருகு அச்சுகள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 1807-08 வாக்கில் அங்கே அடித்த கோபுர முத்திரை வெள்ளிக் காசுகளில் சிலவற்றைக் கூர்ந்து பார்த்தால், அடியில் ஸ்பானிஷ் டாலரின் எழுத்துகள் எட்டிப் பார்க்கும். அமெரிக்கக் கண்டத்துச் சுரங்க வெள்ளியில் அடித்த டாலரை உருக்காமல், அதன் மேலேயே புது அச்சைக் குத்தியிருக்கிறார்கள். அவ்வளவு அவசரம். அந்த வெள்ளிக் காசில் தமிழும் தெலுங்கும் இருந்தன.

செம்புக் காசுக்கு மட்டும் கம்பெனி பர்மிங்ஹாம் பக்கம் போனது. அங்கே சோஹோ என்ற இடத்தில் மேத்யூ போல்ட்டன் நாணய ஆலை வைத்திருந்தார். நீராவி எஞ்சினைத் திருத்திய ஜேம்ஸ் வாட்டின் பங்காளி அவர். நீராவியைக் கொண்டு காசு அடித்தால் கள்ளக் காசுக்காரன் பக்கத்தில் நெருங்க முடியாது என்பது போல்ட்டனின் வாதம். செம்பு வில்லையை ஒரு வளையத்துக்குள் பொருத்தி அடித்தால் ஓரம் பிதுங்காது, ஒவ்வொரு காசும் ஒரே வட்டமாக வரும். அச்சுகளையும் ஒரே மூல அச்சிலிருந்து பெருக்குவார். ஆயிரமாவது காசும் முதல் காசும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதே அவர் பிடிவாதம். 1803இல் மெட்ராசுக்காக 20, 10, 5, 1 காசுகளை அடித்தார். 1808இல் 20 காசும் 10 காசும் மறுபடி வந்தன.

பத்துக் காசு ஏறக்குறைய 26 மில்லிமீட்டர் அகலம், நாலரை கிராமுக்குச் சற்று மேல். ஒரு பக்கம் கம்பெனியின் கேடயம், இருபுறமும் கொடி பிடித்த சிங்கங்கள், கீழே லத்தீன் வாசகம், மேலே கம்பெனியின் ஆங்கிலப் பெயர், அடியில் ஆண்டு. மறு பக்கம் பாரசீகத்தில், பத்துக் காசு இரண்டு ஃபலூஸுக்குச் சமம் என்ற பொருளில் ஒரு வாசகம். அதற்குக் கீழே ரோமானிய எண்ணில் பத்து. காங்கேயம் சந்தைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு இதில் எந்த எழுத்தும் படிக்க வந்திருக்காது. ஆனால் கனமும் அகலமும் கைக்குப் பழகிவிடும். எழுத்தறியாத ஊரில் காசு செல்லுபடியாவது அப்படித்தான்.

சோஹோவுக்கு இன்னொரு வாடிக்கையாளரும் இருந்தார். அமெரிக்காவில் 1792இல் தொடங்கிய பிலடெல்பியா நாணயசாலை, சென்ட், அரை சென்ட் அடிக்கத் தேவையான வெற்றுச் செம்பு வில்லைகளை 1790-களின் இறுதியிலிருந்து போல்ட்டனிடம் வாங்கிவந்தது. ஒரே கொட்டகையில் வெட்டிய வில்லைகளில் ஒரு பகுதி அங்கேயே முத்திரை வாங்கி மெட்ராசுக்குப் புறப்பட்டது. இன்னொரு பகுதி முத்திரை இல்லாமல் அட்லாண்டிக் கடலைத் தாண்டியது. டாலரில் இருநூறில் ஒரு பங்கான அரை சென்ட்டும், ரூபாயில் தொண்ணூற்றாறில் ஒரு பங்கான நம் பத்துக் காசும் ஒருவகையில் தாயாதிகள்.

ஆனால் சேகரிப்பவர்கள் இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. பிலடெல்பியாவில் 1836 வரை அச்சு, மனிதர் கை பலத்தில்தான் ஓடியது. தொடக்க காலத்தில் ஒவ்வொரு அச்சிலும் எண்ணையும் எழுத்தையும் தனித்தனியாக உளியால் குத்தினார்கள். ஓர் அச்சில் எண் இடப்பக்கம் சாயும். இன்னொன்றில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு, பிறகு மேலேயே திருத்திக் குத்தியிருப்பார்கள். அச்சு விரிசல் விட்டாலும் எறிந்துவிடாமல் அது உடையும்வரை அடித்தார்கள். அந்த விரிசல் காசில் மேடான கோடாக விழும். அதனால் ஒரே ஆண்டின் சென்ட்டில்கூட வகைகள் பெருகின. வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் இந்தச் சென்ட்டுகளை அச்சு வாரியாகப் பிரித்து எண் கொடுத்தார். காசின் நிலையை அளக்க அவர் வைத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோல்தான் இன்று உலகம் முழுக்க, நம் ஊர் ஏலங்களிலும், புழங்குகிறது. ரோஜர் கோஹன் 1971இல் அரை சென்ட்டுக்கு அதே வேலையைச் செய்தார்.

போல்ட்டனின் பத்துக் காசில் அந்த விளையாட்டுக்கு இடம் குறைவு. எல்லாம் ஒன்றுபோல வரவேண்டும் என்பதற்காகவே அவர் ஆலை கட்டியவர். மேஜர் ஃபிரெட் பிரிட்மோர் 1975இல் வெளியிட்ட கம்பெனி நாணயப் பட்டியல்தான் இந்தத் துறையில் இன்றும் பெரியவர்கள் எடுத்துப் புரட்டும் நூல். அதில் 1808ஆம் ஆண்டு 20, 10 காசுகளுக்குக் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான். பொன் முலாம் பூசிய, மெருகேற்றிய மாதிரிக் காசுகள் அரிதாக உண்டு. சோஹோ ஆலை 1850இல் ஏலத்துக்குப் போன பிறகு அதன் பழைய அச்சுகள் சில வேறு கைகளுக்குப் போயின. அவற்றைக் கொண்டு பிற்காலத்தில் புதிதாக அடித்த காசுகளும் உண்டு என்பதால், சோஹோ காசு என்று ஒன்றைக் காட்டினால் அனுபவசாலிகள் கொஞ்சம் யோசிப்பார்கள். மற்றபடி, அமெரிக்கக் காசுக்கு வகை ஆலைக்குள்ளேயே பிறந்தது. மெட்ராஸ் காசுக்கு ஆலையை விட்டு வெளியே வந்த பிறகு நேர்ந்ததுதான் வகை.

அதில் பெரிய பிரிவு நேர்ந்தது 1809 ஜனவரியில். அட்மிரல் கார்ட்னர் என்ற 816 டன் கம்பெனிக் கப்பல் மெட்ராஸ் வழியாக வங்காளம் போகப் புறப்பட்டது. வில்லியம் ஈஸ்ட்ஃபீல்ட் அதன் கேப்டன். சரக்கில் இரும்போடு, பீப்பாய் பீப்பாயாகச் சோஹோ காசும் இருந்தது, சுமார் ஐம்பது டன். கென்ட் கரைக்கு எதிரே குட்வின் மணல் திட்டு என்று ஓர் இடம் உண்டு. நீர் வற்றும்போது மேலே தெரியும், ஏறும்போது மறைந்துவிடும். நூற்றுக்கணக்கான கப்பல்களை விழுங்கிய திட்டு அது. புயலில் அட்மிரல் கார்ட்னர் அங்கே ஏறி உடைந்தது. அதே காற்றில் பிரிட்டானியா என்ற இன்னொரு கம்பெனிக் கப்பலும் போயிற்று. அந்த ஆண்டு ஆகஸ்டில் போல்ட்டனும் இறந்தார். மெட்ராஸ் வரவேண்டிய காசு மணலுக்குள் போனது.

1970-களில் டோவர் துறைமுக வேலைக்காகக் குட்வின் திட்டிலிருந்து மணல் அள்ளினார்கள். மணலோடு செம்புக் காசுகள் வந்தபோதுதான் கரையில் இருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். 1984-85இல் முக்குளிப்பவர்கள் இறங்கி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை எடுத்தார்கள். பீப்பாயின் விளிம்பில் இருந்தவை உப்புநீர் அரித்து ஓரம் கடித்தது போல ஆகியிருந்தன. நடுவில் நெருக்கி அடுக்கியிருந்தவை ஒன்றையொன்று காத்துக்கொண்டன. அந்த உள்ளடுக்குக் காசுகள்தான் இன்று கப்பல் படம் போட்ட அட்டையில், சான்றிதழோடு உலகெங்கும் விற்கின்றன. உடைந்த கப்பல் இருக்கும் இடத்தை இப்போது பிரிட்டன் சட்டம் காக்கிறது. அனுமதி இல்லாமல் யாரும் அங்கே முக்குளிக்க முடியாது.

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. கப்பல் கரை சேர்ந்திருந்தால் அந்தப் பத்து லட்சமும் சந்தையில் புரண்டு, தேய்ந்து, உருகியிருக்கும். முகம் தேயாத 1808 காசு ஒன்று கிடைத்தால் ஏலத்தில் அடிதடி நடக்கும். மூழ்கியதால் 1808 என்ற ஆண்டு, சோஹோ அடித்த மெட்ராஸ் காசுகளிலேயே எளிதில் கிடைக்கும் ஆண்டாகிவிட்டது. 1803ஆம் ஆண்டுக் காசை நல்ல நிலையில் தேடிப் பாருங்கள், சிரமம் தெரியும். அரிதென்பது எத்தனை அடித்தார்கள் என்பதை மட்டும் பொறுத்ததல்ல, எத்தனை எப்படித் தப்பின என்பதையும் பொறுத்தது.

இனி கையில் கிடந்த காசுக்கு வருவோம். வேறு கப்பல்களில் வந்தவை மெட்ராஸ் கரை சேர்ந்தன. துறைமுகம் இல்லாத காலம். அலை உடையும் இடத்துக்கு அப்பால் கப்பல் நிற்கும். பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்த மசூலா படகுகள் சரக்கை ஏற்றி, அலை மேல் ஏறி இறங்கிக் கரைக்குக் கொண்டுவரும். அங்கிருந்து கஜானா, கஜானாவிலிருந்து மாட்டு வண்டி, வண்டியிலிருந்து தாலுகா. அதன் பிறகு காசின் பயணத்தை யாரும் கணக்கு எழுதவில்லை. சந்தையில் உப்பு, கூலியில் பாதி, கோயில் உண்டியல், சீட்டாட்டம், மறுபடி சந்தை.

பத்தாண்டுக்குள் கணக்கு மாறியது. 1818இல் மெட்ராஸ் மாகாணம் வராகனைக் கைவிட்டு ரூபாய்க்கு மாறியது. 1835இல் கம்பெனி நாடு முழுவதற்கும் ஒரே நாணயமுறை கொண்டுவந்தது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. காலணாவும் தம்பிடியும் புழக்கத்துக்கு வந்தன. தொண்ணூற்றாறில் ஒரு பங்கு என்ற பழைய துட்டுக்குப் புதுக் கணக்கில் இரண்டு தம்பிடி மதிப்பு வந்தாலும், பெயரும் முகமும் வேறு. பழைய காசு மெல்ல ஒதுங்கியது. ஒதுங்கிய செம்பு எங்கே போகும்? எடைக்குப் போகும். பாத்திரக்காரர் உலைக்குப் போகும். அனுப்பர்பாளையத்துச் செம்பும் குடமும் அண்டாவும் திருப்பூருக்குப் பனியனுக்கு முன்பே ஒரு பெயர் வாங்கித் தந்தவை. அப்படிப்பட்ட ஊரின் பக்கத்தில் செல்லாத செம்புக் காசு நீண்ட நாள் காசாகவே தப்பிக்க, யாராவது அதை மறந்திருக்க வேண்டும், அல்லது அதற்கு வேறு வேலை கொடுத்திருக்க வேண்டும்.

தப்பியவற்றைப் பார்த்தால் அந்த வேறு வேலைகள் தெரியும். விளிம்பருகே துளை போட்ட காசு, குழந்தையின் அரைஞாணிலோ கழுத்துக் கயிற்றிலோ தொங்கியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்த காசு, நெடுங்காலம் எதிலோ உரசிக்கொண்டே இருந்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய காசு, விளக்கு மாடத்திலோ சாமி அறையிலோ கிடந்திருக்கும். இதில் எதுவும் பிரிட்மோர் பட்டியலில் இல்லை. ஷெல்டன் அளவுகோலில் இவையெல்லாம் மார்க் குறைக்கும் காரணங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் துணித் தரம் பார்ப்பவர். சட்டைப் பையில் மடக்கு லென்ஸ் ஒன்று எப்போதும் இருக்கும், துணியில் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ணும் கவுண்டிங் கிளாஸ். பகலில் அதைக் கொண்டு நீடில் லைன் பார்க்கிறார், டிராப் ஸ்டிட்ச் பார்க்கிறார். பழுது இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார். பழுது ஏறினால் அந்தப் பீஸ் செகண்ட்ஸ் ஆகிக் காதர்பேட்டைச் சந்தைக்குப் போகும். சாயங்காலம் அதே லென்ஸைக் காசின் மேல் வைக்கிறார். அங்கே அச்சு விரிசலும் இரட்டை அடியும் வாய்த்தால் விலை ஏறும். ஒரே கண் பகலில் பழுதைக் கழிக்கிறது, மாலையில் பழுதைத் தேடுகிறது.

அவரோடு பழைய பாத்திரக் கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார். காலணாக்கள், ஓட்டைக் காலணா, இரண்டு யானைக் காசு, நடுவே செக்கச்செவேல் என்று ஒரு பத்துக் காசு.

"ஏனுங்க, பளபளன்னு இருக்குது பாருங்க. இதெ எடுத்துக்குங்க."

"புளி போட்டுத் தேச்சீங்களாக்கும்?"

"ஆமாங்க. களிம்பு புடிச்சுக் கெடந்துதுங்க."

"களிம்போட குடுத்திருந்தா இன்னும் சேத்திக் குடுத்திருப்பனுங்க."

கடைக்காரருக்கு அது விளங்கவில்லை. பாத்திரம் விற்பவருக்குப் பளபளப்புத்தான் விலை. செம்பின் மேல் படியும் பழுப்புத் தோல் காசுக்குக் கவசம், அதை உரித்தால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போகும் என்பதை நண்பர் பொறுமையாகச் சொன்னார். பிறகு கேட்டார்: "இது எங்கிருந்துங்க வந்துச்சு?"

"ஊத்துக்குளிப் பக்கமுங்க. ஒரு அம்மா, அவங்க அம்மிச்சியோட வெத்தலப் பொட்டியில கெடந்துதுன்னு கொண்டாந்தாங்க. பொட்டி பித்தளைங்க, அது போயிருச்சு. காசு மட்டும் நின்னுருச்சு."

நண்பர் சொன்ன விலையைக் கொடுத்துக் காசை வாங்கினார். அவரிடம் ஏற்கெனவே கப்பலில் எடுத்த பத்துக் காசு ஒன்று இருக்கிறது, பிளாஸ்டிக் உறைக்குள், தர எண்ணோடு. அதைவிட இதற்கு விலை வெகு குறைவு. ஆனால் அந்தக் கப்பல் காசு தமிழ்நாட்டு மண்ணில் ஒரு நாள்கூடச் செல்லுபடியாகவில்லை. ஒரு குத்து உப்புகூட வாங்கியதில்லை. இங்கிலாந்து ஆலையின் கைவேலையை அது அச்சு அசலாகக் காட்டும். காசு செலவான நாட்டைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

சந்தை விலை முகத்துக்குத்தான். அது இயல்பு. முகம் தெரிந்தால்தான் பட்டியலோடு ஒப்பிட முடியும், கண்ணாலேயே தரம் சொல்ல முடியும், பார்க்காமலே கடல் கடந்து விற்க முடியும். தேய்ந்த காசின் மதிப்போ முகத்தில் இல்லை, அது கிடைத்த இடத்தில் இருக்கிறது. இடம் தொலைந்தால் அது வெறும் தேய்ந்த செம்பு. வெற்றிலைப் பெட்டி பித்தளை விலைக்குப் போனபோதே சாட்சியில் பாதி போய்விட்டது. கடைக்காரர் வாய்மொழியாகச் சொன்ன ஓர் ஊர்ப் பெயர்தான் மிச்சம்.

அட்மிரல் கார்ட்னர் காசு நன்றாக விற்பதற்குக் காரணமும் அதுவே. முகம் மட்டும் அல்ல, கப்பலின் பெயர், மூழ்கிய இடம், எடுத்த ஆண்டு எல்லாம் அட்டையில் இருக்கின்றன. வாங்குபவர் காசோடு ஒரு பிறப்புச் சீட்டையும் வாங்குகிறார். கையில் கிடந்த காசுக்கு அந்தச் சீட்டை எழுதக்கூடியவர் லண்டனிலோ நியூயார்க்கிலோ இல்லை. திருப்பூரில் பழைய சாமான் கடைப் படியில் நிற்பவர்தான் எழுத முடியும்.

சட்டம் இதில் ஓரளவு துணை. நூறு ஆண்டு தாண்டிய காசு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதை அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பூமிக்குள் புதையலாகக் கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் பெட்டியில் கிடந்த ஒற்றைக் காசு எந்த ஊர்ப் பெட்டியில் கிடந்தது என்று எழுதி வைக்க எந்தச் சட்டமும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

இன்று தூத்துக்குடியில் பனியன் பெட்டிகள் ஏறிய கன்டெய்னர் இங்கிலாந்துக்குப் போகிறது. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியபின், பல கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. சோஹோ காசு வந்த பழைய வழி அது. ஃபெலிக்ஸ்டோ துறைமுகத்துக்குப் போகிற கப்பல் டோவர் நீரிணையில் குட்வின் திட்டை ஒட்டித்தான் கடக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு டி-ஷர்ட்டுக்கும் எந்த நூல், எந்தச் சாயப் பட்டறை, எந்த லைனில் தைத்தது என்று ஆவணம் உண்டு. பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உடனே காகிதம் நீட்டப் பழகிய ஊர் இது. அந்தப் பழக்கத்தைக் காசுக்கும் கொண்டுவந்தால் போதும்.

அதற்குப் பட்டியல் நூல் வேண்டாம், லென்ஸ் வேண்டாம். காசை வைக்கும் அட்டையில் ஆண்டும் மதிப்பும் எழுதுவதற்கு முன், எந்த ஊர், யார் வீட்டில் எந்தப் பொருளில் கிடந்தது, எந்தத் தேதியில் கைமாறியது என்று மூன்று வரி எழுத வேண்டும். புளி போட்டுத் தேய்த்திருந்தால் அதையும் எழுத வேண்டும். ஆண்டையும் மதிப்பையும் பிறகு எப்போது வேண்டுமானாலும் காசைப் பார்த்தே எழுதிக்கொள்ளலாம். அந்த மூன்று வரிக்கு, விற்பவர் கடையில் இருக்கும்போது கேட்டால்தான் உண்டு.